மூன்று தீப்பெட்டிகள்

அத்தியாயம் 5

சூரியன் மறைந்ததும் இன்ஸாஃபைக் கொல்வது என்று முடிவாகியிருந்தது. கத்தியைத் தீட்டி முடித்த கையோடு எழுந்து வந்து எங்களுக்குக் கதவைத் திறந்தார் மித்வல்லி.

"வாங்க டாக்டரம்மா. டீ சாப்பிடுங்க. இந்த விஷயத்துல மட்டும் தலையிடாதீங்க."

"டீ வேண்டாம். தலையிடத்தான் வந்தேன்," என்றார் டாக்டர் தவ்லத்.

எங்கள் டாக்டரம்மா முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஏரிக்கரை ஜனங்களின் வயிற்றைச் சோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவர்களுடைய குற்றங்களைத் துப்பறிகிறார். ரெண்டும் ஒரே வேலைதான், ரெண்டும் நாறும் என்பார். நான் அவருடைய உதவியாள், டிரைவர், தேவைப்பட்டால் அடி வாங்குகிற ஆள். பெயர் ஷஹாத்தா. பிச்சை என்று அர்த்தம். எனக்கு முன்னால் பிறந்தவை தங்காததால், திருஷ்டி படாமலிருக்க அம்மா வைத்த பெயர். திருஷ்டி படவில்லை. அடி மட்டும் பட்டுக்கொண்டிருக்கிறது.

மன்ஸலா ஏரிக்கரையில் மித்வல்லி குடும்பத்தைத் தெரியாதவன் கிடையாது. மடவை மீனை உப்பில் புதைத்து மாதக் கணக்கில் ஊறவைத்து எடுக்கிற ஃபஸீக் இவர்கள் தொழில். வசந்தத் திருநாள் வந்தால் கெய்ரோவிலிருந்து கார் போட்டு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டே வாங்கிப் போவார்கள். ஊறவைக்கிற பக்குவம் மித்வல்லியின் தம்பி தர்வீஷுக்கு மட்டுமே கைவந்தது. அந்தத் தர்வீஷைத்தான் திருநாளுக்கு மறுநாள், கல்லுப்பு உடைக்கிற மரச் சம்மட்டியால் மண்டையைப் பிளந்து, சாப்பாட்டுப் பாயிலேயே போட்டுவிட்டு யாரோ போய்விட்டார்கள். கண்டெடுத்தபோது வாயில் மென்றும் மெல்லாததுமாக ரொட்டி இருந்ததாம்.

யாரோ என்று நான் சொல்கிறேன். மித்வல்லி அப்படிச் சொல்லவில்லை. தர்வீஷின் மனைவி இன்ஸாஃப்தான் கொன்றாள் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். போலீஸ் வந்தபோது, பிறந்த வீட்டுக்கு ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டு அவளை மாடியறையில் பூட்டினார். இவருடைய பாட்டனார் தெற்கிலிருந்து படகேறி வந்தவர். ஏரிக்கு வந்து மூன்று தலைமுறையாகியும், பழிக்குப் பழி வழக்கத்தை மட்டும் உப்புப் போட்டுக் கெடாமல் வைத்திருக்கிறார்கள். இன்று தர்வீஷுக்கு நாற்பதாம் நாள். இன்றைக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும்.

இன்ஸாஃபின் தங்கை வந்து டாக்டரம்மாவின் காலில் விழுந்தாள். மித்வல்லியின் மகளை ஒரு காலத்தில் பிழைக்க வைத்தவர் டாக்டரம்மா. அதனால்தான் கதவே திறந்தது.

"முதல்ல அவளைப் பார்க்கணும்," என்றார் டாக்டரம்மா.

மித்வல்லி சைகை காட்டினார். முற்றத்தில் தடியோடு நின்ற ஆட்களில் இரண்டு பேர் போய் இன்ஸாஃபைக் கீழே கொண்டு வந்தார்கள். நடத்தி அல்ல, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி.

நான் வாயாடி. அவளைப் பார்த்ததும் எனக்கு வாய் எழவில்லை. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் உடைந்து கோணலாகக் கூடியிருந்தன. முன்பல் ஒன்றைக் காணோம். பெற்ற வயிறு பார்த்தால் பற்றி எரியும், எனக்கே எரிந்தது. மித்வல்லியின் மீசையைப் பிடித்து ஏரியில் அமுக்கலாமா என்று தோன்றியது. ஆனால் தடிகள் அவர் பக்கம் இருந்தன.

"இன்ஸாஃப், அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"எனக்குக் காய்ச்சல். மாடியில படுத்திருந்தேன்." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "கீழ உள்ளறையில யாரோ ஆம்பளை பேசற சத்தம் கேட்டுச்சு. அவர் சிரிச்சார். ரொம்ப நாளைக்கப்புறம் அப்படிச் சிரிச்சார். நான் தூங்கிட்டேன். எழுந்து வந்து பார்த்தா..."

"பொய்!" என்று கத்தினார் மித்வல்லி. "பாயில ரெண்டு தட்டு இருந்துச்சு டாக்டரம்மா. உள்ளறையில பொண்டாட்டியைத் தவிர எவ பக்கத்துல உட்கார்ந்து திம்பா? தின்னுட்டு, கை கழுவப் போற மாதிரி பின்னால போய் அடிச்சிருக்கா!"

"நான் ஃபஸீக் தொடமாட்டேன். அந்த வாடையே எனக்கு ஆகாது."

"கேட்டீங்களா? ஃபஸீக்காரன் பொண்டாட்டிக்கு ஃபஸீக் ஆகாதாம்!" மித்வல்லி சிரித்தார். தடிக்காரர்களும் கடமைக்குச் சிரித்தார்கள்.

கடைசித் தம்பி ரிஃபாத் மட்டும் சிரிக்கவில்லை. மின்யா பக்கம் பாலைவனத்தில் சுண்ணாம்புக்கல் குவாரியில் மேஸ்திரி. மூன்று வருஷமாக ஊரில் தலைகாட்டாதவன், அண்ணன் செத்த செய்தி கேட்டு அடக்கம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவன். இழவின் துக்கத்தில் வயிறு கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு சீரகத்தை மென்றபடி இருந்தான். நாங்கள் வந்த சற்று நேரத்துக்குள் கக்கூசுக்கு இரண்டு நடை போய்வந்துவிட்டான். அவன் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினான்.

"குடிங்க அண்ணி."

இன்ஸாஃப் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை மறுபடி மாடிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தார். பேச்சு அரட்டை மாதிரி ஆரம்பித்தது.

"தட்டுல என்ன மீன் முதலாளி?"

"ஃபஸீக்."

"எந்த ஃபஸீக்?"

"எந்த ஃபஸீக்னா? எங்க ஃபஸீக்தான்!"

"திருநாள் வியாபாரம் முடிஞ்ச மறுநாள் கொலை. அப்ப வீட்ல ஊறின மீன் ஏதாவது மிஞ்சியிருந்துச்சா?"

மித்வல்லிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஒரு வால் மிஞ்சல. கடைசிப் பீப்பாயை நானே கவிழ்த்துக் கழுவி வெயில்ல வச்சேன். எங்க வீட்டு மீன் மிஞ்சினதா சரித்திரமே கிடையாது."

"அப்ப தட்டுக்கு எங்கருந்து வந்துச்சு?"

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே நின்றது. முற்றத்தில் ஒரு கோழி மட்டும் நடந்துகொண்டிருந்தது.

"அன்னிக்குக் காலையில புதுசா ஒரு பீப்பாய்க்கு உப்புப் போட்டோம்," என்றார் மித்வல்லி மெதுவாக. "ஆனா தர்வீஷ் அதைத் திறக்க மாட்டான் டாக்டரம்மா. உப்பு ஏறாத மீனைக் கவர்னரே வந்து கேட்டாலும் எடுக்க மாட்டான்."

"கவர்னருக்குத் திறக்காதவர் யாருக்குத் திறந்தார்? தினமும் கூடவே கிடக்கிற பொண்டாட்டிக்கா? அதுவும் ஃபஸீக்னாலே மூக்கைப் பொத்தறவளுக்கா?"

மித்வல்லி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரோ வேண்டப்பட்டவன் வந்திருக்கான். உன் கையால ரொட்டியும் உப்பும் திங்காம போகமாட்டேன்னு உட்கார்ந்திருக்கான். அப்படிக் கேட்டவனை வெறும் வயித்தோட அனுப்பற வழக்கம் உங்க வீட்ல உண்டா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இங்கே ரொட்டியும் உப்பும் சேர்ந்து தின்றவர்கள் ஒருவருக்கொருவர் கேடு நினைத்தால் ஏழு தலைமுறைக்கு விளங்காது. வேறெதுவும் வீட்டில் இல்லாத அன்றைக்கு, தர்வீஷ் தன் தொழில் தர்மத்தை விட்டு விருந்து தர்மத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

"இப்ப கேளுங்க," என்றார் டாக்டரம்மா. "ஏரியில படகுக்காரன் எங்க ஒதுங்கறான்?"

"ஏரியிலதான்."

"அவன் வயித்துப் புழுவோட முட்டை தண்ணிக்குப் போகுது. நத்தை முழுங்குது. நத்தைக்குள்ள வளர்ந்து, வெளிய நீந்தி வந்து, மடவை மீனோட சதைக்குள்ள மூட்டை கட்டிக்கிட்டு உட்கார்ந்துக்குது. அந்த மீனை வேகாம, உப்பு ஏறாம எவன் திங்கறானோ அவன் குடல்ல மறுபடி குடித்தனம். பதமா ஊறினா செத்துடும். காலையில உப்புப் போட்டு சாயங்காலம் தின்னா சாகாது."

"முகவரி மாறாம போய்ச் சேருது பாருங்க, நம்ம தபால்காரனுக்கு இந்தப் புத்தி இல்லை," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. இழவு வீட்டில் என் திறமைக்கு மதிப்பு கம்மி.

"ஆக, தர்வீஷோட உட்கார்ந்து தின்னவன் வயித்துல சாட்சி இன்னும் உயிரோட இருக்கு. அந்தப் புழுவுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல ஆயுசு கிடையாது. இன்னிக்கு நாப்பதாம் நாள். இன்னும் முட்டை போட்டுக்கிட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, என் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியும்."

மித்வல்லி கத்தியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அவகிட்ட புழு இருந்தா?"

"வாயைத் திறக்காம போயிடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடவை மீன் ஊரில், வேறு எப்போதாவது அரைவேக்காட்டு மீன் தின்றிருந்தாலும் அவள் கதை முடிந்தது. ஆனால் டாக்டரம்மா அவளுடைய வார்த்தை மேல் அவளுடைய உயிரையே பணயம் வைத்துவிட்டார்.

"இல்லேன்னா?"

"நான் அவளைக் கூட்டிட்டுப் போவேன். இன்னொண்ணு. ஒப்பிட்டுப் பார்க்க இதே வீட்ல சாப்பிடற வேற ரெண்டு பேர் வேணும். நீங்களும் உங்க தம்பியும்."

"நானா?" மித்வல்லிக்கு மூக்கு சிவந்தது. "இழவு வீடு டாக்டரம்மா இது! நாப்பது நாளா இந்த அடுப்புல மீன் ஏறல. மீன்காரன் வீடு, ஆனா இழவுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. எல்லாம் ஆட்டுக்கறியும் சோறும்தான். எங்ககிட்ட என்னத்தைக் கண்டுபிடிப்பீங்க?"

"அதனாலதான் கேக்கறேன். மீனே ஏறாத வீடு இந்த ஏரிக்கரையில வேற எங்க கிடைக்கும்?"

ரிஃபாத் சீரகத்தைத் துப்பிவிட்டு முன்னால் வந்தான். "குடுத்துட்டுப் போவோம் அண்ணே. நமக்கென்ன பயம்? அண்ணியோடதையும் நானே வாங்கிட்டு வர்றேன். தினமும் ரொட்டி கொண்டுபோறவன் நான்தானே."

டாக்டரம்மா பையிலிருந்து மூன்று காலித் தீப்பெட்டிகளை எடுத்து, மேலட்டையில் பென்சிலால் பெயர் எழுதினார். மித்வல்லி, ரிஃபாத், இன்ஸாஃப். இந்த ஊரில் மலம் சோதனைக்குக் காலங்காலமாகத் தீப்பெட்டிதான். இன்ஸாஃபின் பெட்டியை நானே வாங்கி வருகிறேன் என்று படியில் கால் வைத்தேன். ஒரு தடி என் மார்பில் குறுக்கே விழுந்தது.

"பொம்பளைங்க இருக்கிற மாடி. அந்நிய ஆம்பளை ஏறக்கூடாது."

"உள்ள இருக்கிற பொம்பளையோட விரலை உடைக்கலாம், நான் படி ஏறக்கூடாதா? நல்ல நியாயம்டா உங்க ஊரு," என்றேன். அதற்குப் பரிசாக விலாவில் ஒரு குத்து விழுந்தது. மூச்சு திரும்பி வருவதற்குள் ரிஃபாத் இரண்டு பெட்டிகளோடு மாடியேறிவிட்டான்.

பிறகு காத்திருந்தோம். இயற்கையை அவசரப்படுத்த முடியாது. டாக்டரம்மா தன் பழைய பித்தளை மைக்ராஸ்கோப்பை மேற்கு ஜன்னலில் வைத்தார். அதற்கு விளக்கு வேண்டாம், அடியிலிருக்கும் சின்னக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்தால் போதும். வெயிலோ நேரத்துக்கு நேரம் சரிந்துகொண்டிருந்தது. அது போய்விட்டால் சோதனையும் போய்விடும், இன்ஸாஃபும் போய்விடுவாள். முன்னும் பின்னும் நடந்து நடந்து எனக்குக் கால் வலித்தது.

ஒருவழியாக மூன்று பெட்டிகளும் வந்தன. ரிஃபாத் மூக்கைச் சுளித்தபடி தன்னுடையதையும் இன்ஸாஃபுடையதையும் மேஜையில் வைத்தான். டாக்டரம்மா ஒரு குச்சி நுனியால் கொஞ்சம் எடுத்து, உப்புத் தண்ணீர்ச் சொட்டில் கலக்கி, கண்ணாடிச் சில்லில் தடவி, குனிந்தார்.

முதலில் மித்வல்லி.

"மீன் புழு இல்லை. ஆனா உங்க வயித்துல வேறொரு குடும்பம் வாடகை குடுக்காம இருக்கு முதலாளி. உருண்டைப் புழு. தோட்டத்துக் கீரையைக் கழுவாமத் திங்காதீங்க. எரு போட்ட மண்ணுல அதோட முட்டை மாசக்கணக்கா கிடக்கும். மாத்திரை எழுதித் தர்றேன்."

ஆட்கள் முன்னால் மித்வல்லிக்கு முகம் கறுத்தது. எனக்கு அன்றைய ஒரே சந்தோஷம் அதுதான்.

அடுத்தது ரிஃபாத். டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார்.

"சுத்தம்."

"சொன்னேன்ல," என்றான் ரிஃபாத்.

மூன்றாவது. டாக்டரம்மா குனிந்தவர் நிமிரவேயில்லை. கண்ணாடியைத் திருப்பினார், மறுபடி பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீ பாரு. என்ன தெரியுது?"

கண்ணை வைத்தேன். "குட்டிக் குட்டியா, மூடி போட்ட ஜாடி மாதிரி ஏதோ நிறைய கிடக்கு."

"வேற?"

"மஞ்சளா துண்டு துண்டா. கயிறு மாதிரி வரி ஓடுது."

"வாயை மூடிக்க," என்றார் காதோடு. பிறகு முற்றத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். "இந்தப் பெட்டியில மீன் புழுவோட முட்டை இருக்கு."

அடுத்த வார்த்தை சொல்ல மித்வல்லி விடவில்லை. சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு மாடிக்குப் பாய்ந்தார். மேலே ஓர் அலறல் கேட்டது. இன்ஸாஃபின் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டு இறங்கினார். அவள் முதுகு ஒவ்வொரு படியிலும் மோதுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் குறுக்கே விழுந்தேன். தோளில் ஒரு தடி, முழங்காலில் இன்னொரு தடி. தரையோடு தரையாகக் கிடந்தபடி அவர் காலைப் பிடித்தேன். உதறிவிட்டு, மீனின் குடலெடுக்கிற பலகை மேல் அவளை மல்லாத்தித் தள்ளி, கழுத்தில் கத்தியை வைத்தார். வைத்த இடத்திலேயே ரத்தம் கோடாக இறங்கியது.

"முதலாளி!" டாக்டரம்மாவின் குரல் ஆஸ்பத்திரி வார்டில் கேட்கிற குரல். "அறுக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி. நேத்து இவளுக்கு என்ன சாப்பாடு போட்டீங்க?"

"இது என்ன கேள்வி?"

"சாகப்போறவ கடைசியா என்ன தின்னான்னு தெரிஞ்சுக்கறேன்."

"காய்ஞ்ச ரொட்டி! தண்ணி! நாப்பது நாளும் அதேதான்!"

"கறி?"

"நாய்க்குப் போட்டாலும் போடுவேன், இவளுக்குப் போடுவேனா?"

"கொண்டுபோறது ரிஃபாத். ஏம்ப்பா, பாவம் பார்த்து ஒரு துண்டு கறி ஒளிச்சு வச்சுக் குடுத்தியா?"

எல்லோரும் ரிஃபாத்தைப் பார்த்தார்கள். அண்ணனின் பார்வைக்கு முன்னால் அவன் நிமிர்ந்து நின்றான்.

"அண்ணனைக் கொன்னவளுக்கா? ஒரு எலும்பைக்கூடக் காட்டல."

"அப்ப இந்தப் பெட்டி எப்படிய்யா ஆட்டுக்கறி தின்னுச்சு?"

மித்வல்லியின் கத்தி அசையாமல் நின்றது.

"கறி தின்னா, செரிச்சது போக மிச்சம் நார் நாரா மலத்துல வரும். வரி போட்ட மஞ்சள் துண்டு. ஷஹாத்தா இப்பதான் பார்த்தான். இன்ஸாஃப் பேர் போட்ட பெட்டியில கறி கறியாக் கிடக்கு. தினமும் உங்களோட உட்கார்ந்து கறியும் சோறும் திங்கற ரிஃபாத் பேர் போட்ட பெட்டியில கறி மருந்துக்கும் இல்லை. வெறும் ரொட்டித் தவிடு." டாக்டரம்மா ஒரு தீப்பெட்டியைத் தூக்கிப் பிடித்து, உள்பெட்டியை விரலால் தள்ளி வெளியே எடுத்தார். "பேர் இருக்கிறது மேலட்டையில. சரக்கு இருக்கிறது உள்ள. உருவி மாத்திச் சொருக எவ்வளவு நேரம் ஆகும்? மாடிப்படி இறங்கற நேரம் போதும்."

என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அவன் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான், உள்பெட்டி உருவி வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"நான்... நான் இங்க வந்தப்புறம் துறைமுகத்துல தின்னேன் அண்ணே!" என்றான் ரிஃபாத். "பாதி வெந்த மீன். பசி. அதுல வந்திருக்கும்!"

மித்வல்லி மெல்ல நிமிர்ந்தார். "நாப்பதுக்குள்ளயா? அவன் குழி மண்ணு காயறதுக்குள்ள, நீ மீன் தின்னியா?"

"அதைச் சொன்னா நீங்க அடிப்பீங்கன்னு..."

"பொய்," என்றார் டாக்டரம்மா. "வெறும் மீன் திருடித் தின்னவன் தன் பெட்டியை மறைப்பான், அவ்வளவுதான். ஒரு பூனைக் கழிச்சலை வச்சாக்கூடப் போதும். தன்னோடதை எடுத்து இன்ஸாஃப் பேர்ல சொருகறான்னா, கொலைப் பழியை அவ தலையில ஆணி அடிச்சு முடிக்கப் பார்க்கறான். அடக்கத்துக்கு அப்புறம் ஊருக்கு வந்தவனுக்கு எதுக்கு அந்த அவசரம்? நீ முன்னாலேயே வந்துட்ட ரிஃபாத். மூணு வருஷம் கழிச்சு வந்த தம்பி, உன் மீன் வேணும்னு உட்கார்ந்தான். தர்வீஷ் பீப்பாயைத் திறந்தார்."

ரிஃபாத் சுவரோரம் சாய்த்திருந்த சம்மட்டியை எடுத்தான். முதல் வீச்சில் மைக்ராஸ்கோப் சிதறியது. இரண்டாவது வீச்சு டாக்டரம்மாவின் தலைக்கு வந்தது. நான் நொண்டிக்கொண்டே பாய்ந்து அவன் இடுப்பில் முட்டினேன். சம்மட்டி என் முதுகில் இறங்கியது. கண் இருட்டிய நேரத்தில் அவன் கத்துவது கேட்டது.

"எனக்குப் பேசின பொண்ணுடா அவ! நான் பட்டாளத்துக்குப் போயிருந்தப்ப அவன் கட்டிக்கிட்டான்! அன்னிக்கு ரொட்டியைக் கிழிச்சு என் கையில குடுத்துட்டுச் சிரிக்கறான். 'இன்ஸாஃப் மாடியிலதான் இருக்கா, கூப்பிடட்டுமா'ன்னு கேக்கறான்! என்கிட்ட!"

"இவன் தினமும் என்கிட்ட வந்து கேட்டான்," என்றாள் இன்ஸாஃப். பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். "ரொட்டியைக் கதவு வழியா நீட்டுவான். என்னைக் கட்டிக்கறேன்னு சொல்லு, அண்ணன்கிட்ட பேசி உன்னை விடச் சொல்றேன்னுவான்."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார் மித்வல்லி.

"சொன்னேன் பெரிய மச்சான். முதல் நாளே சொன்னேன். இந்தப் பல்லு அதுக்குத்தான் போச்சு."

மித்வல்லி அந்தப் பல்லில்லாத இடத்தைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். ரிஃபாத் சம்மட்டியை ஓங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். மித்வல்லி குறுக்கே நின்று அடியைத் தோளில் வாங்கினார். எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விழவில்லை. ஒற்றைக் கையால் அவன் தொண்டையைப் பிடித்து, உப்புக் குவியல் மேல் தள்ளி, முழங்காலை நெஞ்சில் ஊன்றினார். ரிஃபாத்தின் முகத்தை உப்பில் போட்டுத் தேய்த்தார். மூக்குடைந்து உப்பு சிவந்தது. கத்தி மறுபடி கைக்கு வந்தது.

மசூதியில் மாலைத் தொழுகைக்கு அழைத்தார்கள். தடிக்காரர்கள் தடிகளை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். பழியைத் தீர்ப்பதற்குக் குறித்த நேரம் அதுதான். "வேண்டாம் முதலாளி, போலீஸ்ல ஒப்படைச்சுடலாம்," என்றார் டாக்டரம்மா. அது மித்வல்லியின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கத்தியின் நுனி ரிஃபாத்தின் தொண்டைக்குழியில் இருந்தது.

"அண்ணே," என்றான் ரிஃபாத்.

கத்தி இறங்கவில்லை. மித்வல்லி பல்லைக் கடித்தார். பிடியை மாற்றிப் பிடித்தார். கை நடுங்க ஆரம்பித்தது. மணிக்கட்டில் தொடங்கிய நடுக்கம் முழங்கை வரை ஏறியது. கடைசியில் கத்தி நழுவி உப்பில் விழுந்தது. அவர் தம்பி மேலேயே கவிழ்ந்து, பெரிய மனிதன் ஒருவன் அழக்கூடாத மாதிரி அழுதார்.

டாக்டரம்மா என் பெல்ட்டை உருவிக்கொண்டு போய் ரிஃபாத்தின் கைகளைக் கட்டினார். அவன் திமிறவில்லை.

இன்ஸாஃப் பலகையிலிருந்து இறங்கினாள். நான் தாங்கப் போனேன், கையை விலக்கிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்து, மித்வல்லியின் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைத்து, விரலைப் பார்த்தாள்.

"என்ன பெரிய மச்சான், கை இப்படி நடுங்குது?"

அவர் தலை தூக்கவில்லை.

"என் கழுத்துல வச்சப்ப நடுங்கலையே."

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். உண்மையாகவே பதில் வரும் என்று காத்திருந்தது மாதிரி இருந்தது. பிறகு வாசலைப் பார்த்து நடந்தாள். தடிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் நொண்டிக்கொண்டே முன்னால் போய்க் கார் கதவைத் திறந்து வைத்தேன்.